மேல் பலகைப் பானை

இந்த ஒரு சுவரை மட்டும் இப்போது தொட மாட்டேன் சார். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹாலுக்கு இன்றைக்கே பட்டி பார்த்துத் தருகிறேன். பெட்ரூமில் மாலைக்குள் முதல் கோட் முடித்துவிடுகிறேன். சமையலறையிலும் மற்ற சுவரெல்லாம் சரி. ஃபிரிட்ஜை நகர்த்தினோமே, அதற்குப் பின்னால் இருக்கிற இந்தச் சுவரில் பென்சில் கோடு இருக்கிறது, பாருங்கள். ஒன்று இங்கே, ஒன்று கொஞ்சம் மேலே, இன்னொன்று அதற்கும் மேலே. யார் போட்டது?

தெரியாது என்கிறீர்கள். சரி. பையன் கிறுக்கியிருப்பான் என்கிறீர்கள். கிறுக்கல் இப்படி ஒழுங்காக மேலே ஏறாது சார். இது அளந்து வைத்தது. உங்கள் வீட்டு அம்மா மார்க்கெட்டுக்குத்தானே போயிருக்கிறார்கள்? வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடிக்கிறேன்.

வேறு ஒன்றுமில்லை. வேலை செய்கிறவன் மேல் நாளைக்குப் பழி வரக் கூடாது. அதற்காகத்தான்.

நிற்காதீர்கள், அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். என் மேல் ஏற்கெனவே ஒரு பழி இருக்கிறது. பெற்ற மகளே போட்ட பழி. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், நியாயமா என்று.

என் சம்சாரம் பேர் பூங்காவனம். அரக்கோணத்தில் ரயில்வே லைன் ஓரம் எங்கள் வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் துவைக்கிற கல். அவள் இட்லி மாவு ஆட்டி விற்பாள். தெருவே அவளிடம்தான் வாங்கும். புளிப்பு கூடாமல் குறையாமல் இருக்கும். அவளுக்குத்தான் மார்பில் கட்டி வந்தது. ஆவணி மாதம் மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணி வலது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் மருந்து ஏற்றுவது. அது முடிந்து, பொங்கல் கழித்துக் கரண்ட் வைப்பது என்று சொல்லியிருந்தார்கள்.

கரண்ட் என்றால் உங்களுக்குத் தெரியும். மெஷினுக்கு அடியில் படுக்க வைத்துக் கதிர் பாய்ச்சுவது. அதற்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். இவளுக்கோ ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. ரவிக்கை போட, தலை வார எல்லாம் இடது கைதான். அப்புறம் வாருவதற்கே ஒன்றும் இல்லாமல் போயிற்று. அது வேறு.

ஆஸ்பத்திரியில் எக்சர்சைஸ் சொல்லித் தருகிற பெண் ஒருத்தி இருந்தாள். சின்னப் பெண். கை மேலே போகவில்லை என்றால் கரண்ட் வைக்க முடியாது, அதனால் இப்போதிருந்தே பழக்க வேண்டும் என்று சொன்னாளாம். நான் அப்போது கீழே டீக்கடையில் இருந்தேன். ரயிலில் வரும்போது பூங்காவனம்தான் சொன்னாள்.

“சுவத்துல விரலை வச்சு மேல மேல ஏத்தணுமாம். ஒரேயடியா அரை மணி நேரம் பண்ண வேணாமாம். சோறு கொதிக்கிற நேரம், பால் காயுற நேரம், அப்படி கொஞ்சம் கொஞ்சமா நாள் பூரா பண்ணணுமாம். களைச்சுப் போனா விட்டுட்டு அப்புறம் பண்ணணுமாம்.”

“நீதான் காலைல எழுந்ததுலேர்ந்து வேலை செய்யறியே. அதுவே எக்சைஸ்தானே?” என்றேன்.

“நானும் அதைத்தான் கேட்டேன். வீட்டு வேலை கையைக் கீழயே வச்சிருக்கும், இது மேல தூக்கறதுன்னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு.”

அந்தப் பெண்ணுக்கு வீட்டு வேலை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று சார், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அது மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பெயின்டருக்கு வேலை கிடையாது. ஈரச் சுவரில் எவன் பெயின்ட் அடிப்பான்? அதனால் அந்த சீசன் முழுக்க நான் வீட்டிலேயே இருந்து அவளைப் பார்த்துக்கொண்டேன். அறையில் கட்டில். கட்டிலில் உட்கார்ந்தால் சமையலறை நேராகத் தெரியும். கண்ணை விட்டு அகலவில்லை.

அவள் நேரத்தைப் பிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். விடியற்காலம் குழாயில் தண்ணீர் வரும். குடம் நிரம்புகிற வரைக்கும் குதிகாலைத் தூக்கித் தூக்கி நிற்பாள். தெருப் பெண்கள் சிரிப்பார்கள். “என்ன பூங்காவனம், டான்ஸு கத்துக்கறியா?” என்பார்கள். “ஆமாடி, தலைய மொட்டை அடிச்சாச்சு, அடுத்தது சினிமாதான்” என்பாள். அரிசி கிரைண்டரில் ஓடும்போது இரண்டு தோளையும் சுழற்றுவாள். குக்கர் விசில் வருகிற வரைக்கும் சுவரில் விரலை ஏற்றுவாள். எனக்கு டீ கொதிக்கும்போது இன்னொரு தடவை. மாவு கொடுக்கப் போகிற சாக்கில் தெருமுனை வரைக்கும் நடை. மருந்து ஏற்றிக்கொண்டு வந்த நாட்களில் எழுந்திருக்க முடியாது. அப்போதும் படுத்தபடியே பாதத்தை ஆட்டுவாள், விரலை மடக்கி மடக்கி விரிப்பாள். சும்மா இருக்க மாட்டாள். எனக்கே அலுப்பாக இருக்கும் பார்க்க.

நானும் உதவினேன் சார். கனம் தூக்கக் கூடாது என்றார்கள். அரிசி மூட்டையைக் கடையிலிருந்து நான்தான் கொண்டுவந்து கிரைண்டர் பக்கத்திலேயே வைத்தேன். அவள் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அரக்கோணம் ஸ்டேஷனில் ஒரு நாள் மேம்பாலம் ஏறும்போது அவளுக்குத் தலை சுற்றிவிட்டது. முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஜனமெல்லாம் பார்த்தது. “இறக்கி விடுங்க, மானம் போவுது” என்று என் காதில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கனமே இல்லை. அந்த வயதில் ஒரு பெண்பிள்ளை அவ்வளவு லேசாக இருக்கக் கூடாது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

சுவருக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் காலியாக இருந்த சுவர் அது ஒன்றுதான். அறைச் சுவரெல்லாம் என் ஏணி, சாரக் கம்பு, டப்பாக்கள் சாத்தியிருக்கும். மழைக்காலத்தில் அதெல்லாம் எங்கே போகும்? அதனால் சமையலறைச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில் பண்ணுவாள். அந்தச் சுவரில் உயரத்தில் ஒரு மரப்பலகை. அதன் மேல் பொங்கல் பானை இருக்கும். பித்தளைப் பானை, அவள் அம்மா வீட்டுச் சீர். வருஷத்துக்கு ஒரு தடவைதான் இறங்கும்.

விரல் இரண்டையும் வைத்து ஊர்ந்து ஊர்ந்து மேலே போவாள். எங்கே நிற்கிறதோ அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். நான் கட்டிலில் இருந்தபடி “பல்லி, பல்லி” என்பேன்.

“பல்லியாவது உத்தரம் வரைக்கும் போவும். நீங்க கட்டிலைத் தாண்ட மாட்டீங்க” என்பாள்.

அவளுக்கு வாய் நீளம். அந்த வாய் இல்லாமல் இப்போது வீடு எப்படி இருக்கிறது என்கிறீர்கள்? சரி, விடுங்கள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போனேன். சுவரில் மஞ்சள் கறை. பொட்டுப் பொட்டாக. சமைக்கிற கையைச் சுவரில் துடைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். ஊரான் வீட்டுச் சுவரில் ஒரு கறை விடாமல் தேய்த்துக் கொடுக்கிறவன் நான். “ஏன்டி, துடைக்கத் துணியா இல்ல வீட்டுல? பெயின்டர் வீட்டுச் சுவரா இது?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும். பொங்கல் முடியட்டும், நானே தொடச்சிடறேன்” என்றாள்.

பொங்கல் முடியட்டும் என்கிறாள் சார்! உலகத்தில் எவனாவது பொங்கல் முடிந்த பிறகு சுவரைச் சுத்தம் பண்ணுவானா? போகிக்கு முன்னால் வெள்ளை அடிப்பதுதானே வழக்கம்? மருந்து தலைக்கு ஏறி உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

இதை வைத்துத்தான் என் மகள் சுகந்தி, திருவள்ளூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன், அவள் என்னைக் கேட்டாள். அம்மா உங்களிடம் சொல்லவே இல்லையா என்று. சொல்லவில்லை சார். அதுதான் என் வாதம். என்ன சொன்னாள்? சாயங்காலம் நான் டிவியில் மழை நியூஸ் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் தொழிலுக்கு மழை எப்போது விடும் என்பது முக்கியம். அப்போது சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். “என்னாங்க, மூக்குக்கு நேரா வந்துட்டேன்.” இன்னொரு நாள், “இங்க பாருங்களேன், நெத்திக்கு மேல போயிட்டேன்.” இதிலிருந்து ஒரு மனுஷன் என்ன புரிந்துகொள்வான்? “சரி சரி, டீ ஆறிடப் போவுது” என்பேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இந்த மாதிரி இந்த மாதிரி, இது இன்ன விஷயம் என்று சொன்னாளா? இல்லை.

பானையைப் பற்றியும் ஒன்று சொன்னாள். மறைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். “இந்தப் பொங்கலுக்குப் பானைய நான்தான் இறக்குவேன். யாரும் தொடக் கூடாது” என்றாள். பெண்கள் பாத்திரத்துக்கு அப்படித்தான் சொல்வார்கள். நசுங்கிவிடும், பளபளப்பு போய்விடும் என்று பயம். உங்கள் வீட்டு அம்மா சொல்ல மாட்டார்களா? அது மாதிரிதான் என்று நினைத்தேன்.

மார்கழிக் கடைசியில் கடைசி மருந்து. ஏற்றின அன்றைக்கே ஜுரம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக்கொண்டார்கள். பெண்கள் வார்டில் ஆண் துணை இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சுகந்தி இருந்தாள். போகி அன்றைக்கு வீட்டுக்கு விடுவார்கள் என்று தெரிந்தது. நான் முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டேன்.

வந்து என்ன செய்தேன்? சும்மா இருக்கவில்லை. வீட்டைப் பார்த்தேன். நோயாளி வருகிற வீடு. பொங்கல் வீடு. அவள் வந்து பார்த்தால் மனசு நிறைய வேண்டும் என்று நினைத்தேன். இது தப்பா?

கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கித் தண்ணீர் ஊற்றித் தாளித்து, நீலம் கலந்தேன். ஊருக்கெல்லாம் எமல்ஷன் அடிக்கிறவன் வீட்டில் சுண்ணாம்புதான் சார், எல்லாப் பெயின்டர் வீட்டிலும் அப்படித்தான். அறையை முடித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். பானையை முதலில் இறக்கினேன். அதன் வயிற்றில்கூட மஞ்சள் கறை. மேலே இருக்கிற பானையில் எப்படிக் கறை வந்தது என்று எரிச்சலாக இருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். பொன் மாதிரி வந்துவிட்டது. உட்கார்ந்து நானே துலக்கினேன் சார். என் வாழ்நாளில் பாத்திரம் துலக்கியது அன்றைக்குத்தான்.

பிறகு சுவர். நார் மட்டையைத் தோய்த்து முதல் பூச்சு இழுத்தேன். ஈரம் ஏற ஏற, சுவர் சிவந்தது.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தி கரைப்பதே அப்படித்தானே? அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அன்றைக்குப் பார்க்க என்னமோ மாதிரி இருந்தது. என் இடுப்பு உயரத்தில் ஒன்றுமில்லை. மார்பு உயரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கு மேல் ஒன்று. அதற்கு மேல் இரண்டு, நெருக்கமாக. வரிசையாக மேலே போகிறது. சில இடத்தில் மேலே போனது கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியிருக்கிறது. கறை என்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும். இது ஏணி மாதிரி இருந்தது. மேல் பலகை வரைக்கும் போயிற்று.

நின்று பார்த்தேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேலைக்காரனுக்குக் கறை என்றால் கறைதான். அது காயட்டும் என்று காத்திருந்து, இன்னொரு பூச்சு, அதற்கு மேல் கெட்டியாக இன்னொரு பூச்சு. காய்ந்ததும் பால் மாதிரி ஆகிவிட்டது. நல்ல வேலை சார். யார் வந்து பார்த்தாலும் நல்ல வேலை என்றுதான் சொல்வார்கள்.

போகி சாயங்காலம் வந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஆரத்தி எடுத்தார்கள். பூங்காவனம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுகந்தி தோளைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். கட்டிலில் உட்காருவாள் என்று பார்த்தால் நேரே சமையலறைக்குப் போனாள். போய் நின்றாள்.

“வெள்ளையா இருக்கு” என்றாள்.

“பளிச்சுன்னு இருக்கில்ல?” என்றேன்.

அவள் அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். “பானை?”

“இறக்கிட்டேன். துலக்கி, அதோ பார், தயாரா வச்சிருக்கேன். நீ கையத் தூக்கவே வேணாம்.”

அவள் வலது கையைச் சுவர் பக்கம் கொண்டுபோனாள். விரல் தொடப் போகிற நேரத்தில் நான்தான் சத்தம் போட்டேன். “ஏய், ஏய், உள்ள இன்னும் ஈரம். சுண்ணாம்பு. உன் தோலுக்கு எரியும், கை வைக்காதே.” மருந்தில் அவள் விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருந்தது. அதற்காகத்தான் சொன்னேன். கையை இறக்கிக்கொண்டாள்.

சுகந்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். “அப்பா! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?” என்று கத்தினாள். ஒரு மகள் அப்பாவிடம் பேசுகிற பேச்சா அது? பூங்காவனம்தான் அடக்கினாள். “விடுடி. எனக்காகத்தான் பண்ணியிருக்காரு” என்றாள்.

கேட்டீர்களா? அவளே சொன்னாள். எனக்காகத்தான் பண்ணியிருக்காரு. அவள் வாயால் சொன்ன வார்த்தை. அதற்கு மேல் எனக்கு யார் சர்ட்டிபிகேட் வேண்டும்?

ஆனால் ஒரு குறை உண்டு. சுவர் நன்றாக இருக்கிறது என்றோ, பானை நன்றாகத் துலங்கியிருக்கிறது என்றோ ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. பொங்கல் அன்றைக்குப் பானையைச் சுகந்திதான் அடுப்பில் ஏற்றினாள். இவள் மணையில் உட்கார்ந்திருந்தாள். பால் பொங்கியது. குலவை போட்டார்கள். இவளும் போட்டாள். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது.

அதற்கப்புறம் அந்தச் சுவர்ப் பக்கம் அவள் போகவில்லை சார். சுண்ணாம்பு காய்ந்த பிறகு நானே சொன்னேன், “இப்ப பண்ணேன், எக்சைஸு” என்று. “பண்ணறேன், பண்ணறேன்” என்றாள். குக்கர் விசில் அடிக்கும், இவள் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பாள். குடம் நிரம்பி வழியும், பார்த்துக்கொண்டு நிற்பாள். மழை விட்டு எனக்கும் வேலை வந்துவிட்டது, காலையில் போனால் இருட்டித்தான் வருவேன். நான் வீட்டில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

மாசியில் கரண்ட் வைக்கக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு நான் டீக்கடைக்குப் போகவில்லை, கூடவே நின்றேன். அந்தச் சின்னப் பெண் இவள் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வலியில் இவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்னக்கா இது? மார்கழியில நல்லா மேல போச்சே? நீங்களே ஒசத்திக் காட்டி, பொங்கலுக்குப் பானை எடுக்கப் போறேன்னு சொன்னீங்களே?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

பூங்காவனம் என்னைப் பார்த்தாள். பிறகு, “பனிக்காலம் இல்லம்மா? பிடிச்சுக்கிச்சு” என்றாள்.

இன்னும் பழக்கிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் விடவில்லை. வேலைக்குப் போகும் முன் பக்கத்தில் நின்று, கதவு நிலையைப் பிடிக்கச் சொல்லிப் பண்ண வைத்தேன். “ஏத்து, இன்னும் ஏத்து” என்பேன். ஏற்றினாள். நான் சொல்வதற்காக ஏற்றினாள். கொஞ்ச நாள்தான். முதுகு வலி என்று படுத்தாள். படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் போய்விட்டது என்றார்கள். அப்புறம் கையைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

டாக்டரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். கரண்ட் தள்ளிப்போனதால்தான் இப்படி ஆயிற்றா என்று. “அப்படிச் சொல்ல முடியாதுய்யா, இது முன்னாலயே உள்ள பரவி இருந்திருக்கும்” என்றார். படித்தவர் சொல்கிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லை என்று அவர் சொல்லும்போது சுகந்தியும் கூடத்தான் இருந்தாள்.

வைகாசியில் போய்விட்டாள்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்களெல்லாம் போன பிறகு சுகந்தி சமையலறையில் அந்தச் சுவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். “எழுந்து வா, சாப்பிடு” என்று கூப்பிட்டேன். அப்போதுதான் சொன்னாள். அது கையைத் துடைத்த கறை இல்லையாம். தினமும் விரல் எட்டின இடத்தில், அஞ்சறைப் பெட்டி மஞ்சளைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பாளாம். நாளைக்கு அதைத் தாண்ட வேண்டும் என்று. பலகைக்குப் போய்ப் பானையைத் தன் கையால் இறக்கிவிட்டால் பிழைத்துவிடுவேன் என்று அவளாக ஒரு கணக்கு வைத்திருந்தாளாம். ராத்திரி போனில் மகளிடம் சொல்வாளாம், இன்றைக்கு எங்கே வந்தேன் என்று.

“என்கிட்ட சொல்லலியே” என்றேன்.

“உங்க கண்ணு முன்னாடிதானேப்பா ஏறினாங்க?” என்றாள்.

அதோடு எழுந்து போனவள்தான். வருவாள், போவாள். நாள் கிழமைக்குச் சமைத்தும் கொடுத்து அனுப்புவாள். சமையலறைக்குள் மட்டும் வர மாட்டாள். நீங்களே சொல்லுங்கள் சார். கண் முன்னால் நடந்தால்? கண் முன்னால் ஆயிரம் நடக்கிறது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இந்தச் சுவரை அடிக்காதே என்று சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேனா? என் மேல் என்ன தப்பு?

இல்லை, நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். சும்மா கேட்டேன்.

அடுத்த வருஷம் போகி வந்தது. மறுபடி சுண்ணாம்பு கலக்கினேன். வருஷா வருஷம் அடிக்கிறதுதானே. அந்தச் சுவரில் முதல் பூச்சை நீர்க்க இழுத்தேன். மேலே இருந்த பழைய சுண்ணாம்பெல்லாம் ஊறியது. ஊறி, மெதுவாகச் சிவப்பு வந்தது. மார்பு உயரத்தில் ஒன்று. கழுத்துக்கு ஒன்று. மூக்குக்கு நேராக என்றாளே, அது எது என்று பார்த்தேன். அவள் உயரம் எனக்குத் தெரியும், என் தோளுக்கு வருவாள். இதுதான் மூக்கு என்று கண்டுபிடித்தேன். இது நெற்றி. ஒரு இடத்தில் இறங்கியிருக்கிறது, அது மருந்து ஏற்றிக்கொண்டு வந்த நாளாக இருக்கும். நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈரம் இருக்கிற வரைக்கும்தான் தெரிகிறது சார். காய்ந்தால் மறைந்துவிடுகிறது.

பலகையின் மேல்புறத்தைத் துடைத்துப் பானையைத் திரும்ப வைக்கலாம் என்று ஏணி போட்டு ஏறினேன். பலகைக்குச் சுண்ணாம்பு அடிப்பதில்லை, மரம். அதன் மேல்புறத்தில், பானை உட்கார்ந்திருந்த வட்டத்துக்கு முன்னால், நாலு விரல் அச்சு. மஞ்சள். காய்ந்து ஒட்டியிருந்தது.

எட்டியிருக்கிறாள் சார். பொங்கலுக்கு முன்னாலேயே எட்டிவிட்டாள். கடைசி மருந்துக்குப் போவதற்கு முன்னால், நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோதோ என்னமோ, பலகை விளிம்பைப் பிடித்திருக்கிறாள். பானையைத் தொட்டுக்கூடப் பார்த்திருப்பாள். அன்றைக்கே இறக்கியிருக்கலாம். பொங்கல் அன்றைக்கு இறக்க வேண்டும் என்று விட்டு வைத்திருக்கிறாள்.

நான் புளி போட்டுத் தேய்த்தேனே, பானை வயிற்றில் இருந்த கறை, அதுவும் இதுதானா என்று இப்போது சொல்ல முடியாது. பாத்திரம் என்றால் எத்தனையோ கறை இருக்கும்.

பானையை அந்த வட்டத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன். விரல் பட்ட இடத்தைத் தொடாமல் வைத்தேன். இந்த வருஷப் பொங்கலுக்கு ஒரு சில்வர் பாத்திரத்தில் கொஞ்சமாகப் பொங்கினேன். ஒரு ஆளுக்கு எதற்குப் பெரிய பானை? ஏணி இல்லாமலே எனக்கு எட்டுகிற உயரம்தான். கை வரவில்லை.

சுவரை மட்டும் இந்தப் போகிக்கும் அடித்தேன். சிவந்தது. போன வருஷத்தைவிடக் குறைவாகத்தான் சிவந்தது. கீழே இருந்ததெல்லாம் போய்விட்டது, மேலே இருக்கிற பொட்டு இரண்டு மூன்றுதான் மங்கலாக வந்தது. தையில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை மறுபடி தண்ணீராகக் கலந்து இழுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், “என்ன ஏகாம்பரம், நல்லாயிருக்கிற சுவத்துக்கு எத்தனை தடவய்யா வெள்ளை அடிப்பே?” என்று. சுண்ணாம்பு அடித்தால் பூச்சி வராது என்று சொன்னேன். உண்மைதானே?

கேட் சத்தம் கேட்கிறது. அம்மாதான் போலிருக்கிறது. பையை வாங்கிக்கொள்ளுங்கள் சார், கனமாக இருக்கும். வாங்கி வைத்துவிட்டு, இங்கே கூட்டிவந்து, இந்தக் கோடெல்லாம் என்ன என்று நீங்களே கேளுங்கள். நான் கேட்டால் நன்றாக இருக்காது. என்ன சொன்னாலும் சரி, ஒன்றுமில்லை, அடித்துவிடுங்கள் என்று சொன்னாலும் சரி, உடனே என்னைக் கூப்பிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.

நான் ஹாலில் இருக்கிறேன். இந்தச் சுவருக்கு உண்டான டப்பாவை இன்னும் திறக்கவில்லை.